வாளும் மந்திரமும்

தாயம், பரமபதம், ஆடுபுலி ஆட்டம் முதலியவற்றை நம் பாட்டிமார் திண்ணையில் ஆடக் கண்டவர்கள் நாம். அவற்றிலெல்லாம் காய் உண்டு, கட்டம் உண்டு, காய்க்குப் பெயர் இல்லை. வெட்டுண்ட காயை எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு அதையே மீண்டும் இடுகிறோம். அதற்காக யாரும் வருந்துவதில்லை. இன்று நான் நேயர்களுக்குச் சொல்லவிருப்பது, காய்க்குப் பெயரும் ஊரும் தொழிலும் குணமும் கொடுத்து, ஓர் ஆளாகவே வளர்த்து ஆடும் ஆட்டம் ஒன்றைப் பற்றியது.

‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் இட்டு இதனை வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை 1,000 பெட்டிகளே. இன்றோ உலகெங்கும் ஆடப்படுகிறது. நால்வர் ஐவர் கூடி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். நம் தெருக்கூத்தில் வாத்தியாரும் கட்டியங்காரனும் ஒரே ஆளாய் வந்தால் எப்படியோ, அப்படி அவர். ‘எதிரே ஒரு குகை, உள்ளே முனகல் ஒலி கேட்கிறது, என்ன செய்வீர்கள்?’ என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரத்தின் வாயாகப் பேசி விடை சொல்வர். வாள் பட்டதா, தப்பியதா என்பதை இருபது முகமுள்ள பகடை ஒன்று தீர்த்துவைக்கும். பாத்திரம் இறந்தும் போகலாம். பல மாதம் வளர்த்த ஆளைப் பறிகொடுத்து வாய்விட்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அவர்களைப் பார்த்தது எருமப்பட்டியில். நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருக்கும் ஊர் அது. என் தமக்கையின் மகளும் அவள் தோழர் நால்வரும் ஞாயிறுதோறும் பிற்பகலில் ஒரு கோழிப்பண்ணையின் தீவனக் கிடங்கில் கூடுவர். மக்காச்சோள மூட்டைகளே ஆசனம். முட்டை அடுக்கும் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தால் மேடும் பள்ளமுமாக மலைத்தொடர் ஆகிவிடும். அதன்மேல் சோள மணிகள் பகைவர், புளியங்கொட்டைகள் நம்மவர். கதை நடத்துபவர் கால்நடை மருத்துவம் பயிலும் இளைஞர். வெளிநாட்டுப் பூதங்களையும் வேதாளங்களையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. கொல்லிப்பாவையை மலை உச்சியில் நிறுத்தி, ஓரியின் வில்லாளர்களை அடிவாரத்தில் காவல் வைத்துக் கதையைப் பின்னியிருந்தார். நகைத்து அழைத்து உயிர் குடிக்கும் பாவையைப் பற்றிய பழங்கதை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதன்று.

சென்ற கோடையில் அவர்கள் நடத்திய பயணம் மலையேறும் முன்பே முடிந்துபோயிற்று. ஒரு காட்டாற்றைக் கடக்கும்போது பகைவர் இருபுறமும் சூழ்ந்தனர். குழுவின் மந்திரவாதி சிலந்தி வலை போன்ற ஒரு கட்டை எறிந்து பாதிப் பேரை மடக்கிவிட்டான். ஆனால் அவ்வகை மந்திரம், அதனைச் செலுத்தியவன் மனம் சிதறாதிருக்கும் வரையில்தான் நிற்கும். கவசம் இல்லாத அவன் மார்பில் இரண்டு அம்புகள் பாய்ந்தன. மனம் சிதறியது, வலை அறுந்தது, ஐவரும் ஆற்றிலேயே மடிந்தனர். இந்த ஆண்டு மீண்டும் தொடங்கினர். ஆனி மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒருவர் கோவைக்குப் படிக்கப் போகிறார்; ஒருவர் தந்தையின் லாரித் தொழிலுக்கு; என் தமக்கை மகள் சென்னைக்கு வேலையாக. அதன்பின் ஐவரும் ஓரிடத்தில் கூடுவது அரிது. பாவையைக் காண இந்த ஒரு வாய்ப்புத்தான்.

அவள் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். “மாமா, நீங்கள் வாழ்நாளெல்லாம் வரவு செலவு எழுதியவர். இந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். கவசம் பூண்ட மந்திரவாதி ஒருத்தியை நான் ஆக்க வேண்டும். போர்வீரர் தொழிலையும் மந்திரத் தொழிலையும் ஒருத்தியிடமே சேர்க்கலாமா?” என்று கேட்டாள்.

கேள்வி விளங்குவதற்கு ஆட்டத்தின் அடிப்படையைச் சிறிது சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு. வீரர், மந்திரவாதி, திருடர், பூசகர், வேடர் என்று பல. தொழிலில் படிகள் உண்டு. முதற்படியில் தொடங்கி இருபதாம் படி வரை ஏறலாம். ஏறுவதற்கு வேண்டியது அனுபவப் புள்ளி. அத்துடன் உடல்வலி, விரைவு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என ஆறு இயல்புகளுக்கு எண்கள் உண்டு. ஒரே தொழிலில் நின்று ஏறுவது நேர்வழி. சில படிகளை ஒரு தொழிலிலும் சில படிகளை மற்றொன்றிலும் எடுப்பது கலப்புவழி.

இந்தக் கலப்புவழியை ஆட்டத்தின் சட்டம் எல்லாக் காலத்திலும் எளிதாக விட்டதில்லை. 1978-இல் வந்த நூலில் மனிதப் பாத்திரம் தொழில் மாற விரும்பினால், பழைய தொழிலுக்கு உரிய இயல்பு 15-ஆவது இருக்க வேண்டும். புதிய தொழிலுக்கு உரியது 17 இருக்க வேண்டும். புதிய தொழிலில் பழைய படியைக் கடக்கும் வரை பழைய திறமையைத் தொடுபவனுக்கு அனுபவப் புள்ளியில் தண்டம் உண்டு. சம்பந்தி வீட்டுச் சீர்வரிசை போல அத்தனை கெடுபிடி! 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அந்தக் கதவை அகலத் திறந்தது. எருமப்பட்டிப் பிள்ளைகள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 2024-இல் அதற்குத் திருத்தமும் வந்துவிட்டது; ஆயினும் இவர்கள் கையில் இருந்தது யாரோ ஓர் அண்ணன் விட்டுச் சென்ற பழைய புத்தகமே. அதன்படி இரு தொழிலுக்கும் உரிய இயல்புகள் 13-க்குக் குறையாமல் இருந்தால் போதும்.

ஒரே தொழிலில் நிற்பதன் பெருமையை அந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த அம்பு ஒன்று யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஊடுருவிச் சென்றதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த அம்பு வில்லைத் தவிர வேறொன்றைக் கையில் எடுக்காதவன் எய்த அம்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆட்டத்திலும் இதே நிலைதான். ஒரு தொழிலின் ஆழத்தில் கிடைக்கும் சிறப்புகள் மேலாக நீந்துபவனுக்குக் கிட்டா.

இதனை ஐந்தாம் படியில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். வீரன் ஐந்தாம் படியை அடைந்ததும் ஒரே முறையில் இரண்டு வெட்டு வெட்டும் உரிமை பெறுகிறான். மந்திரவாதி ஐந்தாம் படியில் மூன்றாம் தர மந்திரங்களைப் பெறுகிறான். அவற்றுள் புகழ்பெற்றது தீக்கோளம். ஆறுமுகப் பகடை எட்டை உருட்டி அத்தனை புள்ளியும் சேதம், சராசரி 28. கூட்டமாக நிற்பவர் அனைவருக்கும் ஒருசேர. இப்பொழுது வீரத் தொழிலில் மூன்று படியும் மந்திரத்தில் இரண்டு படியுமாக ஐந்தைப் பங்கிட்டவனைப் பாருங்கள். அவனுக்கு இரண்டாம் வெட்டும் இல்லை; தீக்கோளமும் இல்லை. நண்பர்கள் வளர்ந்து நிற்க, இவன் மட்டும் இரண்டு பள்ளிக்கூடத்திலும் பாதிப் பாடம் படித்த பிள்ளையாக நிற்கிறான்.

“அப்படியானால் ஒரே ஒரு படி மட்டும் வீரத்தில் எடுத்து, மற்றவற்றையெல்லாம் மந்திரத்தில் எடுத்தால்?” என்றாள் அவள். நோட்டில் அதையும் எழுதியே வைத்திருந்தாள்.

அங்கேதான் கணக்குச் சுவையாயிற்று. ஒரு படி என்பது கேட்பதற்குச் சிறிது. ஆனால் படிகளின் விலை ஒன்றுபோல் இல்லை. இரண்டாம் படிக்கு 300 புள்ளி, மூன்றாவதற்கு 900, நான்காவதற்கு 2,700, ஐந்தாவதற்கு 6,500, ஆறாவதற்கு 14,000. நேர்வழி மந்திரவாதிக்கு 6,500-இல் கிடைக்கும் தீக்கோளம், ஒரு படியைப் பிற தொழிலுக்குக் கொடுத்தவளுக்கு 14,000-இல்தான் கிடைக்கும். இடையில் உள்ள 7,500, அதுவரை அவள் பிறந்து வளர்ந்து போராடி ஈட்டியது அனைத்தினும் மிகுதி. ‘ஒரு படிதானே’ என்று எழுதுபவர்கள் இந்த வரியைக் கூட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு படியை வீரத்துக்குக் கொடுத்தால் தீக்கோளம் 23,000-க்குத் தள்ளிப்போகும்.

அந்தக் கடனுக்கு ஈடாக வருவது என்ன? அதையும் எழுதினோம். மனிதப் பாத்திரம், பங்கீட்டு எண்களோடு மனிதருக்குரிய ஒவ்வோர் எண்ணையும் கூட்டியபின் அறிவு 16, உடலுறுதி 15, உடல்வலி 14. சங்கிலிக் கவசத்துக்கு 16, கேடயத்துக்கு 2, வீரர் பயிலும் தற்காப்பு முறைக்கு 1; ஆகக் கவச எண் 19. தன் பகடையோடு 4 கூட்டிக்கொள்ளும் எளிய பகைவன் ஒருவன் அவளை வெட்ட 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நூற்றுக்கு 30 முறை. கவசமற்ற மந்திரவாதியின் எண் 12 என்றால், அதே பகைவனுக்கு நூற்றுக்கு 65 முறை வாய்க்கும். பாதிக்கும் குறைவாகிவிட்டது அல்லவா, அடி?

அடி பட்டாலும் மனம் சிதறாமல் இருப்பது மற்றொரு வரவு. இதில்தான் வரிசைமுறையின் நுட்பம் இருக்கிறது. முதற்படியை எந்தத் தொழிலில் எடுக்கிறோமோ, அந்தத் தொழிலின் எதிர்ப்பாற்றல் மட்டுமே வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். மந்திரவாதியாகப் பிறந்து பின்னர் வீரத்தைக் கற்றால், உடலுறுதியின் எதிர்ப்பாற்றல் கிடைக்காது; கனமான கவசம் அணியும் உரிமையும் கிடைக்காது; இலேசானதும் நடுத்தரமானதும் மட்டுமே. வீரராகப் பிறந்து மந்திரம் கற்றால் இரண்டும் கிடைக்கும். படிகள் ஒன்றே, கூட்டினால் தொகையும் ஒன்றே, முன் பின் மாறியதால் ஆளே மாறிவிடுகிறாள். ஐந்தாம் படியில் சாதாரண அடி ஒன்று பட்டால், மனம் சிதறாதிருக்கும் வாய்ப்பு வீரராகப் பிறந்தவளுக்கு நூற்றுக்கு 80; மற்றவளுக்கு 65. சென்ற கோடையில் ஆற்றில் அறுந்த வலை நினைவுக்கு வந்தது. அவள் அந்த 80-க்குக் கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

இன்னொரு தோழர் வேறு வழி சொன்னார். வீரத் தொழிலுக்குள்ளேயே மூன்றாம் படியில் சிறிது மந்திரம் கற்கும் கிளை ஒன்று உண்டு. கலக்காமலே இரண்டும் கிடைக்குமே என்றார். உண்மைதான். ஆயின் அந்தக் கிளையில் தீக்கோளத்தின் தரத்து மந்திரம் பதின்மூன்றாம் படியில் வருகிறது. ஆனி மாதத்துக்குள் இவர்கள் ஏழாம் படியையோ எட்டாம் படியையோ எட்டினால் பெரிது. பதின்மூன்றாம் படியில் பழுக்கும் மாமரத்தை இவர்கள் நட்டு என்ன பயன்?

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் இருபது படிக்கும் திட்டம் தீட்டுகிறார்கள். இருபதாம் படிக்கு வேண்டியது 355,000 புள்ளி. அத்தனையும் ஏறி முடித்த குழுக்கள் எத்தனை இருக்கும்? இருபதாவது படியில் அவன் எப்படி விளங்குவான் என்பதை வண்ணம் தீட்டி எழுதுபவர்கள், ஐந்தாவது படியில் ஆற்றங்கரையில் அவன் என்ன செய்வான் என்பதை எழுதுவதில்லை. எனக்கு அது கைலாசத்தில் வீடு கட்ட மனை அளப்பது போலப் படுகிறது.

நம் பழங்கதைகள் இந்த வகையில் மிகவும் கணக்கறிந்தவை. அருச்சுனன் இந்திரன் உலகில் ஐந்து ஆண்டு தங்கியபோது சித்திரசேனனிடம் ஆடலும் பாடலும் கற்றான். வில்லில் நிகரற்றவனாக ஆனபிறகே கற்றான் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கலை விராடனின் அரண்மனையில், மறைந்து வாழ்ந்த பதின்மூன்றாம் ஆண்டில், பிருகந்நளைக்குச் சோறும் மறைவும் கொடுத்தது. கற்ற நாளும் பயன்பட்ட நாளும் கதையில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

இதனினும் பொருத்தமானது நளன் கதை. சூதில் நாடிழந்த நளன், வாகுகன் என்னும் பெயரில் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தான். குதிரையின் உள்ளம் அறிந்தவன் அவன். பகடையின் உள்ளம் அறியாதவன். இருதுபன்னனோ வழியில் நின்ற தான்றி மரத்தின் இலையையும் காயையும் கண்ணால் நோக்கியே எண்ணிச் சொல்லும் வித்தை உடையவன். அந்த ஒரு பயணத்திலேயே குதிரை வித்தைக்கு ஈடாக எண்ணும் சூதும் பற்றிய வித்தையை நளன் பெற்றுக்கொண்டான். கலியும் அவனை விட்டு நீங்கினான். அவனுக்கு அப்பொழுது இருபது வித்தை தேவைப்படவில்லை. இழந்த நாட்டை மீட்கும் ஒரு சூதாட்டம் முன்னே இருந்தது, அதற்கு வேண்டிய ஒன்றைக் கற்றான். பகடை உருட்டித் தொழில் கலக்கும் ஓர் ஆட்டத்தைப் பேசும்போது நளனை நினையாதிருக்க முடியுமா? தான்றிக் காயே முற்காலத்தில் சூதாடு காயாகவும் இருந்தது என்பது மற்றொரு சுவையான செய்தி.

கணக்கு முடிந்தது என்று நான் எண்ணினேன். அவள் முடியவில்லை என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கிடங்குக்கு எடுத்துச் சென்று தோழர்முன் விரித்தாள். லாரித் தொழிலுக்குப் போகவிருக்கும் இளைஞர் அதைப் படித்துவிட்டு, “இதில் வரவெல்லாம் உனக்கு, செலவு எங்களுக்கு. ஐந்தாம் படியில் ஆற்றைக் கடக்கும்போது எங்களுக்குத் தீக்கோளம் வேண்டும். நீ கேடயத்தோடு வந்து நிற்பாய். அந்த ஒரு படிக் கடனை யார் அடைப்பது?” என்று கேட்டார்.

நான் எழுதிய கணக்கில் அந்தப் பத்தி இல்லை. அது என் பேரேட்டுக்கு உரியதும் அன்று. ஐவர் சேர்ந்து எழுத வேண்டிய பத்தி. கலப்புவழி மேற்கொள்பவர் பின்தங்கும் காலத்தில், அவருடைய சுமையைத் தூக்குபவர்கள் கூட வருபவர்களே. அவள் உடனே விடை சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “சென்ற கோடையில் நம்மிடம் தீக்கோளம் இருந்தால் இரண்டு பேராவது கரையேறியிருப்போம். வலை அறுபடாமல் இருந்திருந்தால் ஐவரும் ஏறியிருப்போம். ஆறாம் படி வரை என்னால் எரிக்க முடியாது. கட்டி நிறுத்த முடியும். கட்டியவர்களை நீங்கள் வெட்டுங்கள்” என்றாள். பூசகர் பாத்திரம் ஆடும் பெண், ஆற்றை நேரே கடக்காமல் மேட்டுப்பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்று முட்டை அட்டையின்மேல் விரலால் வழி காட்டினாள். திருடர் பாத்திரம் ஆடுபவர் தம் வில்லை நெடுந்தொலைவு எய்வதாக மாற்றிக்கொண்டார். கேள்வி கேட்ட இளைஞரும் இசைந்தார்; ஆனால் இரண்டாம் படியை வீரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று ஓர் உறுதி வாங்கிக்கொண்டார். நல்ல பேரம் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு சிறு சிக்கலும் தீர்க்க வேண்டியிருந்தது. ஒரு கையில் கேடயம், மறு கையில் வாள் என்றால் மந்திர முத்திரை காட்டக் கை ஏது? வாளை உறையிலேயே வைத்திருப்பது என்று முடிவாயிற்று. மந்திரத் தொழிலின் நான்காம் படியில் ஒரு சலுகை கிடைக்கும். அறிவை 18 ஆக்கலாம்; அல்லது, கதை நடத்துபவர் இசைந்தால், ஆயுதம் ஏந்திய கையோடே மந்திரம் செலுத்தும் பயிற்சியைப் பெறலாம். அந்தப் பயிற்சி உடையவர் மனம் சிதறாமையைச் சோதிக்கும்போது பகடையை இரு முறை உருட்டி, நல்லதை எடுத்துக்கொள்ளலாம். 80 என்று இருந்தது 96 ஆகும். அறிவு கூடினால் எல்லா மந்திரமும் கூர்மை பெறும். இதில் என்னிடம் கருத்துக் கேட்டார்கள்; நான் 96-ஐச் சொன்னேன். கால்நடை மருத்துவ மாணவர் மீசையைத் தடவிக்கொண்டே இசைவு தந்தார்.

பங்குனியில் அவர்கள் ஆற்றை அடைந்தார்கள். பூசகர் சொன்ன மேட்டு வழியில் சென்றும் பகைவர் வந்து சூழ்ந்தனர். கதை நடத்துபவர் அத்தனை எளிதில் விடுவாரா? அவள் வலையை எறிந்தாள். ஏழு சோள மணிகள் சிக்கின. அவள்மேல் ஆறு அம்புகள் வந்தன. நான்கு கேடயத்திலும் கவசத்திலும் பட்டு விழுந்தன, இரண்டு தைத்தன. இருமுறையும் பகடையை உருட்டினாள். முதன்முறை 3-உம் 11-உம். மறுமுறை 17-உம் 9-உம். வலை அறுபடவில்லை. கிடங்கின் கூரைத் தகரம் அதிர அவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொட்டகைக் கோழிகளெல்லாம் இறக்கையடித்துக் கொக்கரித்தன. பண்ணைக்கார அம்மாள் ஓடிவந்து, “முட்டை குறைந்தால் உங்களைத்தான் கேட்பேன்!” என்றார்.

இப்பொழுது அவர்கள் ஆறாம் படியில் இருக்கிறார்கள். தீக்கோளம் வந்துவிட்டது. மலையடிவாரத்தில் ஓரியின் காவலர்கள் வழி மறித்து நிற்கிறார்கள்; அவர்களை எரிப்பதா, பேசிப் பார்ப்பதா என்று கடந்த வாரம் முழுவதும் வாக்குவாதம். ஆனி பிறக்க இன்னும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.